மொத்தமாகவா, மாதாமாதமா? ஓய்வுப் பணத்தின் எழுபதாண்டுக் கதை



சென்ற மாதம் மாலை நடைப்பயிற்சி முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நம் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். வயது 51. மூன்றாவது கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே ஆட்குறைப்புக்காக விருப்ப ஓய்வு அறிவித்திருக்கிறார்கள். "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். மூணு கம்பெனியிலயும் சேர்த்து வரி இல்லாம எவ்வளவு பணம் எடுக்கலாம்? எடுத்துட்டுப் பேசாம வீட்டுல உட்காரலாம்னு பாக்குறேன்" என்றார்.

இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் வரிக்கணக்கை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு பெறும்போது கையில் வரும் ஒவ்வொரு மொத்தத் தொகைக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எந்தப் பணத்தை மொத்தமாக வாங்கலாம், எதை வாங்கினால் பிறகு வருந்த நேரிடும் என்பதை அந்த வரலாறு தெளிவாகச் சொல்கிறது. அவரைப் போல இன்னும் சிலர் நம் குடியிருப்பில் இருப்பீர்கள் என்பதால் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரே வேலை என்ற காலம்

நம் நாட்டில் தொழிலாளர்களுக்கான வருங்கால வைப்பு நிதி, அதாவது நாம் பி.எஃப். என்று சொல்வது, 1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 1952 மார்ச்சில் முழுச் சட்டமானது. தொழிலாளி ஒரு பங்கு போட, முதலாளி அதற்கு ஒரு பங்கு போட, வட்டியோடு சேர்ந்து வேலை முடியும்போது மொத்தமாகக் கைக்கு வரும். அப்போது அதில் மாதப் பென்ஷன் கிடையாது. அரசு ஊழியருக்குப் பென்ஷன், மற்றவருக்கு பி.எஃப். என்பதே அன்றைய நிலை.

அடுத்து வந்தது பணிக்கொடை, கிராஜுவிட்டி. அதற்கு முன்பு இது பெரும்பாலும் முதலாளியின் மனதைப் பொறுத்ததாகவோ, தொழிற்சங்கம் போராடிப் பெற்ற ஒப்பந்தமாகவோ இருந்தது. கேரளம் 1970-லும் மேற்கு வங்காளம் 1971-லும் தனிச் சட்டம் கொண்டுவந்தன. அதைத் தொடர்ந்து நாடு முழுமைக்குமான பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு.

இந்தச் சட்டங்களையெல்லாம் எழுதியவர்களின் மனதில் இருந்தவர், இருபது வயதில் ஒரு மில்லிலோ ஆபீசிலோ சேர்ந்து 58 வயதில் மாலை போட்டு வழியனுப்பப்படுபவர். மூன்று கம்பெனி மாறியவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவர் பற்றிய விதிகள் கடைசி வரியில், 'ஆயினும்' என்று தொடங்கும் வாசகங்களில் ஒளிந்திருக்கும். அதை முடிவில் பார்ப்போம்.

பென்ஷனை விற்பது

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கம்யூட்டேஷன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இன்றே ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொள்வது. நெல் அறுவடைக்கு முன்பே விலை பேசி முன்பணம் வாங்குவது போலத்தான். இது ஆங்கிலேயர் காலத்து அரசு விதிகளிலேயே இருந்தது. ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவச் சோதனை வேண்டாம். அதற்குப் பிறகு என்றால் டாக்டர் சான்று வேண்டும் என்று ஒரு விதி உண்டு. காரணம் எளிது. தன் உடல்நிலை மோசம் என்று தெரிந்தவர்தான் அவசரமாகப் பென்ஷனை விற்க வருவார் என்பது அரசின் பயம்.

அந்நாளில் ஒரு கொடுமை இருந்தது. விற்ற பகுதி விற்றதுதான். 58 வயதில் மூன்றில் ஒரு பங்கை விற்றவர் 90 வயது வரை இருந்தாலும் அந்தக் குறைந்த பென்ஷனையே வாங்க வேண்டும். அவர் வாங்கிய தொகை எப்போதோ அடைந்துபோயிருக்கும். ஆனாலும் பிடித்தம் நிற்காது.

இந்த நிலை மாற இரண்டு தீர்ப்புகள் காரணம். முதலாவது 1982 டிசம்பர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன நகாரா வழக்குத் தீர்ப்பு. பென்ஷன் என்பது அரசின் பெருந்தன்மையால் தரும் தானம் அல்ல, உழைத்தவரின் உரிமை என்பதை அது உறுதியாகச் சொன்னது. இன்றும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோமே, அது அந்த நாளின் நினைவாகத்தான்.

இரண்டாவது 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பு. எச்.டி. ஷோரி என்ற ஓய்வு பெற்ற ஆட்சிப்பணி அதிகாரி நடத்திவந்த 'காமன் காஸ்' என்ற அமைப்பு இந்தக் கம்யூட்டேஷன் பிடித்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கொடுத்த தொகை திரும்ப அடைந்த பிறகும் பிடிப்பது நியாயமா என்பதே கேள்வி. 15 ஆண்டு முடிந்ததும் விற்ற பகுதியைத் திரும்ப வழங்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1985 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று அரசு, வங்கி ஓய்வூதியர்கள் 75 வயதில் "முழுப் பென்ஷன் வந்துவிட்டது" என்று மகிழ்வதற்கு அந்தத் தீர்ப்பே மூலம்.

ஒரு சின்னக் கணக்கு

வங்கியில் கம்யூட்டேஷன் எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடிப்படைப் பென்ஷன் ரூ. 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் மூன்றில் ஒரு பங்கு வரை விற்கலாம். அதாவது மாதம் ரூ. 10,000. அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்க எண் 9.81. ஆக 10,000-ஐ 12-ஆல் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கினால் ரூ. 11,77,200. இது மொத்தமாகக் கையில் வரும். வரி கிடையாது.

பதிலுக்கு 15 ஆண்டு, அதாவது 180 மாதம், மாதம் ரூ. 10,000 குறையும். கூட்டினால் ரூ. 18,00,000. வித்தியாசம் ரூ. 6,22,800. வட்டி விகிதமாகப் பார்த்தால் ஏறத்தாழ 6 சதவீதம்.

இது நஷ்டமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். மாதப் பென்ஷனுக்கு வருமான வரி உண்டு. கம்யூட்டேஷன் தொகைக்கு இல்லை. பஞ்சப்படி, விற்காத முழு அடிப்படைப் பென்ஷனின் மேல்தான் கணக்கிடப்படும். 15 ஆண்டுக்குள் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மீதியைக் குடும்பத்திடம் கேட்கமாட்டார்கள். குடும்ப ஓய்வூதியமும் அதனால் குறையாது. இன்னொன்றும் உண்டு. வயது குறையக் குறையப் பெருக்க எண் கூடும். ஆனால் பிடித்தம் எல்லோருக்கும் அதே 15 ஆண்டுதான். ஆக முன்கூட்டியே ஓய்வு பெறுபவருக்கு இந்த விலை இன்னும் கொஞ்சம் சாதகம்.

ஒரு பகுதியை விற்பதில் பெரிய ஆபத்து இல்லை. முழுவதையும் விற்றுவிடுவதில்தான் ஆபத்து. அதை நான் வேலை பார்த்த கவுன்டருக்குப் பக்கத்திலேயே பார்த்தேன்.

வங்கிக்குப் பென்ஷன் வந்த கதை

அரசுடைமையாக்கப்பட்ட வங்கிகளில் வேலை பார்த்த எங்களுக்கு நெடுங்காலம் பென்ஷன் கிடையாது. எங்கள் பங்கு பி.எஃப்., வங்கியின் பங்கு பி.எஃப்., பணிக்கொடை, அவ்வளவுதான். எல்லாமே மொத்தத் தொகை. பென்ஷன் வேண்டும் என்று சங்கங்கள் பல காலம் கேட்டு, 1993 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி வங்கி ஊழியர் ஓய்வூதிய விதிகள் 1995 செப்டம்பரில் வந்தன.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பென்ஷன் வேண்டுமென்றால் வங்கி போட்ட பி.எஃப். பங்கை விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று வட்டி விகிதம் நல்ல உயரத்தில் இருந்தது. பி.எஃப். பணத்தை வாங்கி டெபாசிட்டில் போட்டாலே பென்ஷனை விட அதிகம் கிடைக்கும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். டெபாசிட் வட்டி எழுதிக்கொடுக்கும் வேலையே எங்களுடையது. எங்களுக்கே அந்தக் கணக்கு அப்போது சரியாகத்தான் பட்டது. இந்த வட்டி முப்பது ஆண்டு இப்படியே இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கிளையின் ஹெட் கேஷியர் என்னை விட ஏழு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, மொத்தமா வர்ற பணம் நம்ம பணம். மாசா மாசம் வர்றது அவன் கொடுத்தாத்தான். எனக்கு பி.எஃப்.பே போதும்" என்றார். படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டார். நான் பென்ஷனுக்குப் போட்டேன். எனக்கு அறிவு அதிகம் என்பதால் இல்லை. என் அப்பாவுக்கு அரசுப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. மாதம் பிறந்ததும் அந்தப் பணம் வீட்டில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்திருந்தேன்.

2000: விருப்ப ஓய்வு

2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வங்கிகளுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. வி.ஆர்.எஸ். கணினி வந்துவிட்டது, ஆட்கள் அதிகம் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. 40 வயதோ 15 ஆண்டு சர்வீஸோ ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதியிருக்கும் சர்வீஸுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது கருணைத் தொகை. இத்துடன் பணிக்கொடை, பி.எஃப்., விடுப்புப் பணம். கருணைத் தொகையில் ரூ. 5 லட்சம் வரை வரி இல்லை.

பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்த ஓர் அலையில் வெளியே போனார்கள். அன்றைய கிளைகளின் நிலை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எங்கள் கிளையில் நான்கு கவுன்டரில் இரண்டில் ஆள் இல்லை.

விண்ணப்பம் போட்ட பிறகு பயந்து திரும்பப் பெற நினைத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசுடைமை வங்கிகளைப் பொறுத்தவரை, வங்கி ஏற்றுக்கொள்வதற்கு முன்பே விலக்கிக்கொண்டவர் திரும்ப வரலாம். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டவர் திரும்ப முடியாது என்று 2002 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மொத்தப் பணத்தைக் கையில் வாங்கிய நொடியில் கதவு மூடிவிடும் என்பதே அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

பென்ஷன் தேர்ந்தெடுத்திருந்த வி.ஆர்.எஸ்.காரர்களுக்கும் சிக்கல் வந்தது. ஓய்வூதிய விதியில், தாமாக ஓய்வு பெறுபவருக்கு ஐந்தாண்டு வரை சர்வீஸ் கூட்டிக் கணக்கிடும் சலுகை இருந்தது. இந்தத் திட்டத்தில் போனவர்களுக்கு அது இல்லை என்று வங்கிகள் விதியைத் திருத்தின. திட்டம் அறிவித்தபோது இருந்த விதிப்படியே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009 மார்ச்சில் சொன்ன பிறகுதான் அந்த ஐந்தாண்டு கிடைத்தது. வெளியே போய் எட்டாண்டு ஆகியிருந்தது. அவர்களுக்கு வழக்காடவாவது ஒரு பென்ஷன் இருந்தது.

எங்கள் ஹெட் கேஷியரும் வி.ஆர்.எஸ்.ஸில் போனார். அவருக்குப் பென்ஷன் இல்லை. எல்லாமே மொத்தமாக வந்தது. பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடித்தார். மகள் கல்யாணத்தை நடத்தினார். மீதியை டெபாசிட்டில் போட்டார். மூன்றாண்டு கழித்து அதைப் புதுப்பிக்க வந்தபோது, புது ரசீதில் வட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாதியாயிடுச்சு?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? ரசீதை எழுதிக்கொடுத்தேன்.

2010: திருப்பிக் கொடுத்து வாங்கிய பென்ஷன்

2010 ஏப்ரல் 27 அன்று இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்பு பி.எஃப். தேர்ந்தெடுத்தவர்களுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு. ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு, வி.ஆர்.எஸ்.ஸில் போனவர்களுக்கும் உண்டு. ஆனால் விலையைக் கேளுங்கள். ஓய்வின்போது வாங்கிய வங்கியின் பி.எஃப். பங்கையும் அதன் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு மேல் அந்தத் தொகையில் 56 சதவீதம் கூடுதலாகவும் கட்ட வேண்டும். ரூ. 3 லட்சம் வாங்கியிருந்தவர் ரூ. 4,68,000 கட்டினால்தான் பென்ஷன். அதுவும் 2009 நவம்பர் 27 முதல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஒன்றும் கிடையாது. விருப்பம் தெரிவிக்க 60 நாள் அவகாசம்.

மொத்தப் பணம் நல்லது என்று வாங்கியவர்கள், அதையே ஒன்றரை மடங்குக்கும் மேலாகத் திருப்பிக் கொடுத்து மாதப் பணத்தை வாங்க வரிசையில் நின்றார்கள். நான் சொன்ன வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

ஹெட் கேஷியர் வீட்டில் கையிருப்பு இல்லை. ஊரில் இருந்த ஒரு மனையை விற்க மனமில்லாமல் ஒரு மாதம் யோசித்தார். நானும் இன்னொரு நண்பரும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினோம். அவர் பேசவில்லை. அவர் மனைவிதான், "மனை எனக்குச் சோறு போடாதுங்க, வித்துருங்க" என்றார். கடைசி வாரத்தில் கட்டினார்கள். அவர் 2019-இல் காலமானார். அந்த அம்மாவுக்கு இன்றும் மாதக் கடைசியில் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்கு வரும்போது எனக்கு ஒரு போன் செய்வார்.

தனியார் ஊழியரின் பென்ஷன்

"இதெல்லாம் வங்கிக் கதை, எங்களுக்கென்ன" என்று ஐ.டி. துறை நண்பர்கள் நினைக்கலாம். உங்கள் பி.எஃப்.பிலும் ஒரு பென்ஷன் இருக்கிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டம், இ.பி.எஸ். 1995 நவம்பர் 16 அன்று தொடங்கியது. முதலாளி போடும் பங்கில் 8.33 சதவீதம், சம்பள வரம்புக்கு உட்பட்டு, அதற்குப் போகிறது.

அதிலும் கம்யூட்டேஷன் இருந்தது. மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் அதைப்போல் 100 மடங்கு மொத்தமாகத் தருவார்கள். நூறு மாதம் என்றால் எட்டு ஆண்டு நான்கு மாதம். அதோடு அடைந்துவிட வேண்டும். ஆனால் பிடித்தத்தை எப்போது நிறுத்துவது என்று திட்டத்தில் வழியே இல்லை. 2008 செப்டம்பர் 26 முதல் கம்யூட்டேஷனையே எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்களுக்குப் பிடித்தம் மட்டும் தொடர்ந்தது. 15 ஆண்டு முடிந்ததும் முழுப் பென்ஷன் என்ற அறிவிப்பு 2020 பிப்ரவரியில்தான் வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் பயனாளிகள். அரசு ஊழியர் 1986-இல் பெற்ற நியாயத்தைத் தனியார் ஊழியர் பெற 34 ஆண்டு ஆயிற்று.

இப்போது இ.பி.எஸ்.ஸில் மொத்தமாக எடுக்கும் வசதி, பத்தாண்டு சர்வீஸ் நிறையாதவர்களுக்குத்தான். பத்தாண்டு நிறைந்தால் பென்ஷன். 58 வயதில் முழுமையாகவும், 50-க்கு மேல் முன்கூட்டிக் கேட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைத்தும் தருவார்கள். பத்தாண்டு என்பது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாக் கம்பெனி சர்வீஸையும் சேர்க்கலாம். ஆனால் முதல் கம்பெனியை விட்டபோது எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்திருந்தால் அந்த ஆண்டுகள் போனது போனதுதான்.

பல கம்பெனி, ஒரே கணக்கு

இனி பூங்கா பெஞ்சில் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில். மூன்று கம்பெனியில் வாங்கினால் மூன்று மடங்கு வரிவிலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் முன்பு சொன்ன 'ஆயினும்' வாசகங்கள் இங்கேதான் வருகின்றன. வரம்பு கம்பெனிக்கு ஒன்று அல்ல; உங்கள் ஆயுளுக்கு ஒன்று.

பணிக்கொடை: வரிவிலக்கு உச்சவரம்பு இன்று ரூ. 20 லட்சம். 1997-இல் 3.5 லட்சம், 2010-இல் 10 லட்சம், 2018 மார்ச் 29 முதல் 20 லட்சம் என்று உயர்ந்து வந்தது. முதல் கம்பெனியில் 6 லட்சமும் இரண்டாவதில் 8 லட்சமும் வரியின்றி வாங்கியிருந்தால், மூன்றாவதில் உங்களுக்கு மீதமிருப்பது 6 லட்சம்தான். அங்கே 9 லட்சம் வந்தால் 3 லட்சத்துக்கு வரி உண்டு.

விடுப்புப் பணம்: வேலையை விடும்போது வாங்குவதற்கு, மத்திய, மாநில அரசு ஊழியர் அல்லாதவருக்கு, 2002 முதல் ரூ. 3 லட்சம் என்றிருந்த வரம்பு இருபத்தொரு ஆண்டு அசையாமல் நின்று, 2023 ஏப்ரல் 1 முதல் ரூ. 25 லட்சம் ஆனது. இதுவும் எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்துத்தான். முன்பு 3 லட்சம் விலக்குப் பெற்றவருக்கு மீதி 22 லட்சம். வேலையில் இருக்கும்போதே விற்ற விடுப்புக்கு விலக்கு இல்லை.

விருப்ப ஓய்வுத் தொகை: ரூ. 5 லட்சம் வரை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கம்பெனியின் திட்டம் வருமான வரி விதிக்குப் பொருந்த வேண்டும். முன்னொரு கம்பெனியில் இதைப் பயன்படுத்தியிருந்தால் இப்போது கிடையாது.

கம்பெனி நடத்தும் சூப்பர்ஆனுவேஷன் பென்ஷன் நிதி: சில கம்பெனிகளில் இருக்கும். பணிக்கொடை பெறுபவருக்குக் கம்யூட்டேஷனில் மூன்றில் ஒரு பங்கு, பெறாதவருக்குப் பாதி, வரியில்லை. இதற்குப் பண வரம்பு கிடையாது, விகிதமே வரம்பு.

பி.எஃப்.: ஐந்தாண்டு தொடர் சர்வீஸ் இருந்தால் வரி இல்லை. பழைய கம்பெனிக் கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றியிருந்தால்தான் பழைய ஆண்டுகள் இந்த ஐந்தில் சேரும். 2014-க்குப் பிறகு யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்ததால் இது எளிதாகிவிட்டது. அதற்கு முந்தைய கணக்குகள் உங்களுக்கு இருந்தால் அவை இன்றைய எண்ணோடு சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்த ஓய்வுக்கால விலக்குகள் உண்டு. தொழிலாளர் சட்டங்களையும் வருமான வரிச் சட்டத்தையும் அண்மையில் புதிதாகத் தொகுத்திருக்கிறார்கள். பிரிவு எண்கள் மாறுவதால்தான் நான் எண்களை இங்கே எழுதவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் இன்றைய நிலையை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பருக்குச் சொன்னது

அன்று இருட்டிவிட்டது. கொசு கடிக்கத் தொடங்கியதால் சுருக்கமாக முடித்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பணிக்கொடையும் விடுப்புப் பணமும் விருப்ப ஓய்வுத் தொகையும் எப்படியும் மொத்தமாகத்தான் வரும். வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கம்பெனிகளில் இவற்றை எந்த ஆண்டு எவ்வளவு வாங்கினீர்கள், அதில் எவ்வளவுக்கு விலக்குப் பெற்றீர்கள் என்ற காகிதங்களைத் தேடி எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். புதிய கம்பெனி உங்களிடம் கேட்கும். கேட்காவிட்டாலும் வருமான வரி கணக்கில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மாதப் பணமாக வரக்கூடிய ஒன்று உங்களிடம் இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுவதையும் மொத்தமாக்கிவிடாதீர்கள். ஒரு பகுதியை விற்றவர்களுக்கு நீதிமன்றம் 15 ஆண்டில் திரும்ப வாங்கிக்கொடுத்தது. முழுவதையும் விட்டுக்கொடுத்தவர்கள், 2010-இல் 56 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அந்த இரண்டாம் வாய்ப்பும் வங்கி ஊழியர் சங்கங்கள் இருந்ததால் வந்தது. உங்கள் கம்பெனியில் அப்படி யார் வாங்கித் தருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த முடிவை ஆபீஸில் தனியாக உட்கார்ந்து எடுக்காதீர்கள். வீட்டில் துணைவியாரிடமோ துணைவரிடமோ கணக்கைக் காட்டிக் கேளுங்கள். நமக்குப் பிறகும் அந்த மாதப் பணத்தில் வாழப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான். ஹெட் கேஷியர் வீட்டில் சரியான விடையைச் சொன்னதும் கணக்குப் படித்த நாங்கள் மூவர் அல்ல.

நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவருடைய முதல் கம்பெனியின் பி.எஃப். கணக்கு யு.ஏ.என்.னில் சேராமல் கிடப்பது இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. அதை மாற்ற விண்ணப்பித்திருக்கிறார். உங்களில் யாருக்காவது பழைய காகிதங்களைப் பிரித்துப் பார்க்கத் துணை வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் இருப்பேன். வரும்போது பி.எஃப். பாஸ்புக், பழைய கம்பெனிகளின் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் கடிதங்கள், படிவம் 16, இந்த மூன்றையும் எடுத்து வாருங்கள்.